பொங்கலுக்குக் கறுப்புச் சேலை

ஜனவரி பிறந்துவிட்டால் எங்கள் கடைத் தொலைபேசியில் யாரும் நலம் விசாரிப்பதில்லை. எடுத்த எடுப்பில், கறுப்பு வந்துவிட்டதா என்று மராத்தியில் கேட்கிறார்கள். சங்கரன்கோவில் பக்கத்தில் ஒருவர் இப்படிக் கேட்டால், கோயில் கொடையில் யார் மேல் கறுப்பசாமி இறங்கியிருக்கிறது என்று விசாரிப்பதாக நினைப்போம். புனேயில் அது சேலையைப் பற்றிய கேள்வி. ஊரில் நீங்கள் கரும்புக்கும் மஞ்சள் கொத்துக்கும் பேரம் பேசிக்கொண்டிருக்கும் அதே வாரத்தில், இந்த ஊர்ப் பெண்கள் கறுப்புச் சேலை தேடிக் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். சாவுக்கு அல்ல. பொங்கலுக்கு.

நான் மென்பொருள் சோதனை வேலையில் இருப்பவள். எதையும் வரிசை எண் போட்டுப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். ஆகவே இந்தப் பக்கம் வராதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நம் பொங்கல் நாள் மராட்டியர்களுக்குச் சங்கராந்தி. அன்று, ஒன்று, பெண்கள் கறுப்பு உடுத்துகிறார்கள். இரண்டு, புதிதாகக் கல்யாணமான பெண்ணுக்கு மாமியார் கறுப்புச் சேலை எடுத்துக் கொடுத்து, சர்க்கரை மணிகளைக் கோத்துச் செய்த வெள்ளை நகைகளைப் பூட்டி, அக்கம்பக்கத்துப் பெண்களை அழைத்து நடுக்கூடத்தில் உட்காரவைக்கிறார். மூன்று, முதல் சங்கராந்தி காணும் கைக்குழந்தைக்கும் கறுப்புச் சட்டைதான். நான்கு, பார்க்கிறவர்கள் கையிலெல்லாம் எள்ளுருண்டை வைத்து, இனிமையாகப் பேசுங்கள் என்கிறார்கள். நல்ல நாளில் கறுப்புத் துணி, கையில் எள். நம் ஊரில் இந்த இரண்டும் ஒரு வீட்டில் சேர்ந்தால் அடுத்து வர வேண்டியவர் புரோகிதர்.

போன ஜனவரியில் வந்தது எனக்குக் கல்யாணமான பிறகு முதல் பொங்கல். என் கணவர் மிலிந்த் மராட்டியர். அவருடைய அம்மாவை நாங்கள் எல்லோரும் பல வருஷமாக ஜோஷி காக்கு என்றே கூப்பிடுகிறோம். காக்கு என்றால் சித்தி. மருமகளான பிறகும் எனக்கு வேறு சொல் வாயில் வரவில்லை. மார்கழி பாதியிலேயே காக்கு என் அண்ணனுக்குப் போன் செய்து, என் மருமகளுக்கு முதல் சங்கராந்தி, கடையில் இருப்பதிலேயே நல்ல கறுப்பாகப் பார்த்து எடுத்துவை என்று சொல்லிவிட்டார். அவரைப் பொறுத்தவரை இதைவிட இயல்பான காரியம் கிடையாது. சங்கராந்திக் கறுப்புக்கு இந்தப் பக்கத்தில் பேர்போன கடை எங்களுடையது. கறுப்பை விற்றுத்தான் ஒரு கடை மூன்று கடையானது. ஆனால் அந்த மருமகள் அண்ணனின் தங்கை. அதே நாளில் அண்ணன் எனக்குப் பொங்கல்படி கொண்டுவர வேண்டும். காக்குவின் போனை வைத்த கையோடு எனக்கு அடித்தான்.

"ஏட்டி கோமு, நீ கறுப்பு கட்டிட்டு உக்காந்திருந்தேன்னா நான் படியேறி வர மாட்டேன். பொங்கப்படியக் கீழ வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டுப் போயிருதேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சரக்கு எந்த லாரியில் வருகிறது என்று சொல்வதுபோல் சொன்னான். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. அப்பாவும் அம்மாவும் இல்லாத எங்களுக்கு அண்ணன்தான் பிறந்த வீடு. கல்யாணமான முதல் வருஷம் அண்ணன் பானையும் அரிசியும் கரும்பும் கொண்டுவந்து தங்கை வீட்டுக் கூடத்தில் இறக்காவிட்டால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கறுப்பை மறுத்தால், அழைத்த பெண்கள் முன்னால் காக்குவுக்குத் தலைகுனிவு. கறுப்பைக் கட்டினால் என் பிறந்த வீடு கீழே வாட்ச்மேன் நாற்காலியோடு நின்றுவிடும்.

நாங்கள் மூவரும் புனேக்கு வந்தது ஒருவர் பின் ஒருவராக. அண்ணன் சண்முகம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலைக்கு வந்தான். அம்மா காலமான பிறகு அக்கா செல்வியும், கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் சேர்வதற்காக நானும் வந்தோம். அக்காவுக்குச் சும்மா இருக்க வராது. சங்கரன்கோவிலிலிருந்து பருத்திச் சேலைகளை ரயிலில் மூட்டையாக வரவழைத்து, விஷ்ராந்த்வாடியில் குடியிருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு வீட்டில் வைத்தே விற்றாள். சீக்கிரமே அண்ணன் வேலையை விட்டுவிட்டு ஆளந்தி ரோட்டை ஒட்டி ஒரு கடை பிடித்தான். கடைக்கு மேல் மாடியில் ஜோஷி காக்குவின் குடும்பம். தீபாவளிக்குத் தமிழர்கள் வந்து வாங்கினார்கள். அதோடு சரி. மராட்டியப் பெண்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு நடந்தார்கள். அவர்கள் உள்ளே வந்தால்தான் கடை நிற்கும். இல்லையென்றால் மூவரும் ரயிலேற வேண்டியதுதான் என்று அக்கா தினமும் சாப்பாட்டு நேரத்தில் சொல்வாள்.

கடை பிடித்த முதல் வருஷம், பொங்கலுக்கு முந்தைய வாரம் அண்ணன் கடையைச் சுத்தம் செய்தான். வீட்டில் போகிக்குச் செய்கிற சுத்தத்தைக் கடைக்கும் செய்தான் என்று சொல்லலாம். கறுப்பு என்று எது கண்ணில் பட்டாலும் மூட்டைக்குள் போனது. கறுப்புச் சேலைகள், கறுப்புச் சுடிதார் துணிகள், ரவிக்கைத் துண்டுகள், அக்காவின் குடை. கடைவாசலில் நிற்கும் பொம்மையின் தலைமுடியையும் கழற்றப் போனான். மொட்டைத் தலையோடு பொம்மை நின்றால் எவள் உள்ளே வருவாள் என்று அக்கா மல்லுக்கு நின்று அதை மட்டும் மீட்டாள். மூட்டை எங்கள் வீட்டு லாஃப்டுக்குப் போனது. வருஷத்திலேயே இந்த ஊர் கறுப்புத் துணி தேடி அலைகிற அந்த வாரத்தில் ஒரு நூல்கூடக் கறுப்பில்லாத ஒரே துணிக்கடையாக நாங்கள் இருந்தோம்.

மறுநாள் காக்கு படியிறங்கி முதல்முறையாகக் கடைக்குள் வந்தார். கறுப்புச் சேலை இருக்கிறதா என்று இந்தியில் கேட்டார். நான் கல்லாவுக்குப் பின்னால் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் என் பக்கம் குனிந்தான்.

"நல்ல நாளும் அதுவுமா கறுப்பு கேக்காவட்டி. மாடியில துட்டி போல."

துட்டி என்றால் எங்கள் பக்கத்தில் சாவு. அண்ணனின் இந்தி ஸ்டோர்ஸில் கற்றது. போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுக்கப் போதும், துக்கம் விசாரிக்கப் போதாது. ஆனாலும் எழுந்து நின்று கைகளைக் கட்டிக்கொண்டு, "பஹுத் துக் ஹுவா," மிகவும் வருத்தமாக இருக்கிறது என்றான். பிறகு, "கௌன் கயா?" என்று கேட்டான். யார் போனது?

காக்கு கொஞ்சம் யோசித்தார். வீட்டிலிருந்து அன்று வெளியே போனது ஒருவர்தான். "மிலிந்த் கயா," என்றார்.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். காலையில்தான் அந்தப் பையன் படியிறங்கியதைப் பார்த்திருந்தான். எப்படி என்று கேட்டான். சைக்கிளில் என்றார் காக்கு. எப்போது கொண்டுவருவார்கள் என்று கேட்க அண்ணனுக்கு இந்தி வரவில்லை, எப்போது வரும் என்று மட்டும் கேட்டான். சாயங்காலம் வந்துவிடுவான், கல்லூரி நாலு மணிக்கு விடும் என்று காக்கு சொன்னதில் கல்லூரி என்ற சொல் அண்ணன் காதில் ஏறவேயில்லை. கறுப்புச் சேலை இல்லை என்று தெரிந்துகொண்டு, இந்தக் கடைக்காரர் ஏன் என் மகனைப் பற்றி இவ்வளவு விசாரிக்கிறார் என்ற குழப்பத்தோடு அவர் மாடியேறினார்.

அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கினான். பூக்கடைக்குப் போய்ச் சம்பங்கி மாலை வாங்கிவந்தான். காக்கு சொன்னதில் கல்லூரி என்ற சொல் என் காதில் விழுந்திருந்தது. அதை மூன்று தடவை சொன்னேன். பெற்ற மனசு, ஏற்றுக்கொள்ள முடியாமல் பேசுகிறது என்று அவன் எனக்கே விளக்கம் சொன்னான். சாயங்காலம் மாடிப்படியடியில் மாலையோடு தலைகுனிந்து நின்றான். மிலிந்த் சைக்கிளில் சீட்டியடித்துக்கொண்டு வந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் அண்ணன் அதை மிலிந்த் கையில் கொடுத்தான். மிலிந்த் அன்று ஏதோ தேர்வில் தேறியிருந்தார். அதற்காகத்தான் என்று நினைத்து நன்றி சொன்னார். என் கணவரை நான் முதலில் பார்த்தது அப்போதுதான்.

விஷயம் தெரிந்து காக்கு படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். அதற்கப்புறம் பல வருஷம், மிலிந்த் வெளியே கிளம்பும்போதெல்லாம் மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, "சண்முகம், மிலிந்த் கயா," என்று அறிவிப்பார். அண்ணன் பதிலுக்கு, "பஹுத் துக் ஹுவா," என்பான். ஆனால் அன்று அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கறுப்பு கேட்டது சாவுக்கல்ல, மூத்த மகனுக்குக் கட்டிவந்த புது மருமகளுக்கு என்று தெரிந்தபோது அவனுக்கு அது சாவைவிட மோசமாகப் பட்டது. சாவென்றாலும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. வாழ வந்த பெண்ணுக்கு நல்ல நாளில் கறுப்பு என்றால் எப்படி? அந்த வாரம் கறுப்பு கேட்டு வந்த ஒவ்வொருத்தியிடமும் வேண்டாம் தாயே என்ற பொருளில் ஏதோ சொல்லி, சிவப்புச் சேலையை விரித்துக் காட்டினான். ஒரு வயதுக் குழந்தைக்குக் கறுப்புச் சட்டை கேட்டு வந்தவரைப் பார்த்துக் கண்கலங்கினான். சங்கராந்தியன்று மாடியிலிருந்து கறுப்புச் சேலையில் இறங்கிவந்த காக்கு எள்ளுருண்டையை நீட்டியபோது கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அவர் சிரித்துக்கொண்டே கல்லாமேசையில் வைத்துவிட்டுப் போனார். துணி அளக்கும் கோலால் அதைத் தள்ளிக்கொண்டுபோய் வாசலில் எறும்புக்கு விட்டான்.

இது குளிர்காலம், கறுப்பு வெயிலை உறிஞ்சி உடம்பைச் சூடாக வைக்கும், அதனால்தான் என்று மிலிந்த் எனக்குச் சொன்னார். இயற்பியல்படி சரி. அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "அப்பம் ஸ்வெட்டர் போடச் சொல்லு," என்றான்.

போன ஜனவரியிலும் நான் அந்த இயற்பியலிலிருந்துதான் தொடங்கினேன். அலுவலகத்தில் இரண்டு அணிகளுக்கு இடையே சிக்கல் வந்தால் மாற்று வழிகளை எழுதி இரு பக்கமும் அனுப்புவோம். அப்படியே செய்தேன். முதல் வழி, அகலமான சிவப்புக் கரை போட்ட கறுப்பு. காக்கு சம்மதித்தார். அண்ணன், கரை சிவப்பாக இருந்தால் நடுவில் இருப்பது என்ன வெள்ளையா என்று கேட்டான். இரண்டாவது வழி, காலையில் அண்ணன் கொண்டுவரும் சிவப்பு, சாயங்காலம் பெண்கள் வரும்போது கறுப்பு. "காலையில சோறு தின்னுட்டுச் சாயந்தரம் வெசங் குடிக்கலாமா?" என்றான். மூன்றாவது வழியாகக் கருநீலம் என்றேன். இதற்குக் காக்கு பதில் சொன்னார். கருநீலம் என்பது பயந்தவர்கள் கட்டும் கறுப்பு என்றார். அவரும் கோபப்படவில்லை. இருபது பெண்களை அழைத்திருக்கிறேன், அத்தனை பேரும் உன் அண்ணன் கடையில் கறுப்பு வாங்கியவர்கள், கடைக்காரரின் தங்கையே கட்டாவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. என்னிடம் நான்காவது வழி இல்லை.

அண்ணன் கறுப்பு விற்கத் தொடங்கியதே ஒரு சண்டைக்குப் பிறகுதான். இரண்டாவது வருஷம் பொங்கல் நெருங்கியபோது அக்கா அவனிடம் சொல்லாமல் மொத்த வியாபாரியிடம் ஒரு கட்டு கறுப்புச் சேலை எடுத்து, போர்வைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தாள். போகிக்குச் சில நாள் முன்னால் அண்ணன் கண்டுபிடித்துவிட்டான்.

"கேக்கதக் குடுக்கதுதானண்ணே யாவாரம்?" என்றாள் அக்கா.

"அப்பம் கோடித்துணியும் அடுக்கி வைப்போமா?"

"அதுவும் துணிதான். நம்ம கடையில எது போகுது? ஒன் சிவப்பு போகுதா? பொம்மை கட்டியிருக்கதுதான் மிச்சம்."

அண்ணன் கட்டைப் பார்த்தான். பிறகு வீட்டுக்குப் போய்க் கிண்ணத்தில் மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்தான். புதுத்துணி உடுத்தும் முன் ஓரத்தில் மஞ்சள் தடவுவது நம் வீடுகளில் எப்போதும் உள்ளதுதான். அதை விற்கிற இடத்திலேயே செய்துவிடுவது என்று அவன் முடிவுசெய்தான். எவள் வாங்கினாலும் சேலையின் உள்முனையில் ஒரு பொட்டு மஞ்சள் வைக்காமல் கடையைவிட்டு வெளியே போகக் கூடாது. கறுப்பின் தோஷத்துக்கு அவன் கண்ட காப்பு அது. மஞ்சள் காயாமல் மடித்தால் அடுத்த மடிப்பில் ஒட்டிக்கொண்டது. ஆகவே நான் ஒரு வேலைமுறை எழுதிச் சுவரில் ஒட்டினேன். பிரி, பொட்டு வை, மின்விசிறிக்குக் கீழே பிடி, மடி. என் படிப்பு கடைக்குப் பயன்பட்டது அதுவே முதல் தடவை.

காக்கு தனக்கென்று வாங்கிப்போன சேலையோடு மறுநாளே வந்தார். கறை படிந்திருக்கிறது, மாற்றிக் கொடு என்றார். அண்ணன் தன் இந்தியைத் திரட்டி, கறையல்ல, மஞ்சள், நல்லதுக்கு, என் கையாலேயே வைத்தேன் என்றான். காக்கு அந்தப் பொட்டை மோந்து பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. மஞ்சளும் குங்குமமும் கொடுக்காமல் இங்கே எந்தப் பெண்ணையும் வீட்டைவிட்டு அனுப்புவதில்லை. ஒரு கடைக்காரர் தன் கையால் மஞ்சள் வைத்துச் சேலை கொடுக்கிறார் என்பது அவருக்கு யாரும் செய்யாத மரியாதையாகப் பட்டது. அண்ணனுக்கு அது முறிவு மருந்து. இரண்டு பேரும் மஞ்சள் என்ற ஒரே பொருளைப் பார்த்து வேறு வேறு காரணத்துக்காகத் தலையாட்டிக்கொண்டார்கள். காக்கு அக்கம்பக்கத்தில் போய்ச் சொன்னதில் அன்று மாலைக்குள் அந்தக் கட்டு தீர்ந்துவிட்டது.

அதற்கப்புறம் எங்கள் கடையின் பெயர்ப்பலகையை யாரும் படிக்கவில்லை. மஞ்சள்காரர் கடை என்றே வந்தார்கள். தொண்ணூறுகள் முடிவதற்குள் ஹடப்சரில் அக்காவின் பொறுப்பில் இரண்டாவது கடை, பிறகு பிம்ப்ரியில் மூன்றாவது. பிம்ப்ரி கடை திறந்த வருஷம் ஒரு பெண் சேலையைத் திருப்பிக் கொண்டுவந்தார். மஞ்சள் பொட்டு இல்லை, இது டூப்ளிகேட் என்று தகராறு. விற்ற பையன் அவசரத்தில் மறந்திருந்தான். அண்ணன் மன்னிப்புக் கேட்டு அவர் கண் முன்னாலேயே வைத்துக் கொடுத்தான். பக்கத்துக் கடைக்காரரும் வைக்கத் தொடங்கினார். அவர் வைத்தது கேசரிப் பவுடர் என்று அக்கா சொல்கிறாள்.

இவ்வளவுக்குப் பிறகும் அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொரு வருஷமும் சங்கராந்தி முடிந்த மாதம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, தன்னிடம் கறுப்பு வாங்கிய புதுப்பெண்களின் வீடுகளுக்குப் போவான். எல்லோரும் நலமா, மருமகள் நலமா, மாப்பிள்ளை வேலைக்கு ஒழுங்காகப் போகிறாரா என்று வாசலில் நின்றே கேட்டுவிட்டு வருவான். விற்பனையோடு நிறுத்தாமல் இப்படி வீடுதேடி வந்து விசாரிக்கும் வியாபாரியை எங்கும் பார்த்ததில்லை என்று ஊரே மெச்சியது. யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று அவன் சரிபார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது எங்கள் மூவருக்கு மட்டும் தெரியும். எதிர்பார்த்தது, விபரீதம். நடந்தது, பிள்ளைப்பேறு, பதவி உயர்வு, சொந்த வீடு. இத்தனை தடவை சோதித்து ஒரு பிழைகூட வராத மென்பொருளை நாங்கள் யோசிக்காமல் வெளியிட்டுவிடுவோம். அண்ணன் மட்டும் வருஷாவருஷம் பயத்தோடு ஸ்கூட்டரை உதைத்தான்.

மிலிந்தைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று நான் சொன்னபோது அவன் மறுப்புச் சொல்லவில்லை. "தெரிஞ்ச குடும்பந்தான். நான் துட்டி கேட்ட வீடு," என்றான். இந்தச் சங்கராந்தி வரும் என்பதை மட்டும் அவன் கணக்கில் எடுக்கவில்லை. ஊராருக்கு ஒரு பொட்டு போதும். சொந்தத் தங்கைக்கு எத்தனை வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

பொங்கலன்று காலையில் சேலையும் வரவில்லை, படியும் வரவில்லை. காக்குவும் மிலிந்தும் ஹடப்சருக்குக் குடிவந்திருந்தார்கள். விஷ்ராந்த்வாடியிலிருந்து ஸ்கூட்டரில் வர ஒரு மணி நேரம்கூட ஆகாது. காக்கு கடைக்குப் போன் செய்தார். முதலாளி சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்றார்கள். எங்கே கிளம்பினார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பொங்கல் பானை அண்ணன் கொண்டுவர வேண்டியது. குக்கரை எடுக்க மனமில்லாமல் பாலைப் பாத்திரத்தில் ஊற்றி வைத்துவிட்டு, பழைய சுடிதாரோடு உட்கார்ந்திருந்தேன். மத்தியானத்துக்கு மேல் பெண்கள் வரத் தொடங்கினார்கள். கூடம் முழுக்கக் கறுப்பு. சர்க்கரை நகைகள் தட்டில் தயாராக இருந்தன. அதை நோக்கிச் சுவரோரமாக எறும்புகளும் தயாராகிக்கொண்டிருந்தன. காக்கு எறும்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது அக்கா போன் செய்தாள். "ஒனக்கு மட்டும் எத்தனை வச்சிருக்காம் தெரியுமா? நேத்து சாயந்தரத்துல இருந்து வீட்டுல சேலைய விரிச்சுப் போட்டு உக்காந்திருந்தாம். என்னையக் கிட்ட வரவிடல," என்றாள். அதற்குள் வாசல் மணி அடித்தது.

கதவைத் திறந்தால் முதலில் கரும்புதான் உள்ளே வந்தது. கரும்பு லிஃப்டில் நுழையவில்லையாம். அத்தனை மாடியையும் அண்ணன் படியில் ஏறியிருந்தான். கரும்புக் கட்டின் ஒரு முனை அண்ணன் தோளில் இருந்தது, மறுமுனை வாட்ச்மேன் தோளில். வாட்ச்மேனிடம் கொடுப்பேன் என்று சொன்னதை இந்த அளவுக்கு நிறைவேற்றியிருந்தான். அரிசி, வெல்லம், பானை, மஞ்சள் கொத்து என்று ஒவ்வொன்றாகக் கூடத்தின் நடுவில் இறக்கினான். கறுப்புச் சேலைகளுக்கு நடுவே நிமிர்ந்து பார்க்காமல் வேலையைச் செய்தான். கடைசியாக ஒரு பொட்டலத்தை என் கையில் கொடுத்தான். அவன் உள்ளங்கை இரண்டும் மணிக்கட்டு வரைக்கும் மஞ்சளாக இருந்தன.

பிரித்தேன். நல்ல கறுப்பு. அதன் மேல் முந்தானையிலிருந்து உள்முனை வரைக்கும், இரண்டு கரையோரமும், உடலிலும், விரல்நுனி அளவுக்கு மஞ்சள் பொட்டுகள். வரிசை தப்பாமல், ஒன்றுக்கொன்று சாண் இடைவெளியில், ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காயவைக்கப்பட்டவை.

"கட்டிக்கோ," என்றான். "இதுக்கு மேல வைக்க எடமில்ல."

காக்கு சேலையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். நகத்தால் ஒரு பொட்டைச் சுரண்டி மோந்து பார்த்தார். அண்ணனை ஒருமுறை பார்த்தார். பிறகு திரும்பி, சந்திரகளா என்று பெண்களிடம் சொன்னார். வானத்து நட்சத்திரங்கள் போலப் பொட்டு போட்ட கறுப்புச் சேலைக்கு இங்கே அந்தப் பெயர். பழைய காலத்து மணப்பெண்கள் கட்டியது. பெண்கள் சுற்றி நின்று தொட்டுப் பார்த்தார்கள். புது டிசைனா, பிம்ப்ரி கிளையில் கிடைக்குமா, தண்ணீரில் நனைக்கலாமா என்று அண்ணனைக் கேட்டார்கள். கறுப்பை விற்று மூன்று கடை கட்டியவன் தலையை ஆட்டினான். ஒன்றுதான் இருக்கிறது, விற்பனைக்கு இல்லை என்று இந்தியில் சொன்னான். பிழையில்லாத இந்தி.

கட்டிக்கொண்டு வந்தேன். சர்க்கரை நகைகளைக் காக்கு பூட்டினார். அந்தக் கோலத்திலேயே அடுப்படிக்குப் போய் அண்ணன் கொண்டுவந்த பானையில் மஞ்சள் கொத்தைக் கட்டிப் பாலை ஏற்றினேன். பொங்கும்போது நானும் அண்ணனும் மட்டும் பொங்கலோ பொங்கல் என்று மெதுவாகச் சத்தம் கொடுத்தோம். யாருக்காவது கை சுட்டுவிட்டதா என்று கேட்டுக்கொண்டு நாலு பெண்கள் ஓடிவந்தார்கள்.

அவர்கள் வழக்கப்படி எல்லோருக்கும் நான் எள்ளுருண்டை கொடுக்க வேண்டும். வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தேன். கடைசியில், வாசலுக்குப் பக்கத்தில், அண்ணன் நின்றான். அவன் கைகள் வழக்கம்போல முதுகுக்குப் பின்னால் இருந்தன. கதவோரத்தில் செருப்பு அடுக்கும் பலகை இருந்தது. அதில் வைத்துவிடலாமா என்று பார்த்தேன். காக்கு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. அண்ணன் என் சேலையைக் கரையோரமாக மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தான். ஏதாவது பொட்டு விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்திருப்பான். பிறகு வலது கையை முன்னால் கொண்டுவந்து விரித்தான். மஞ்சள் உள்ளங்கையில் எள்ளுருண்டையை வைத்தேன். விரல்களை மூடிக்கொண்டான்.

"வாரேம்டி. கடையில ஆளில்ல," என்றான். இறங்கும்போதும் லிஃப்டைக் கூப்பிடவில்லை.

பால்கனிக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். மூடிய கையைப் பார்த்தான், ஹேண்டில்பாரைப் பார்த்தான். வாயில் போட்டிருக்கலாம், சட்டைப் பையில் போட்டிருக்கலாம், எறும்புக்கு விட்டிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு நடந்தான். சாலைக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தத்தில் கறுப்புச் சேலைகளுக்கு நடுவே வெள்ளைச் சட்டையோடு நின்றான். பஸ் வந்தபோது இடது கையை நீட்டி நிறுத்தினான். வலது கை மூடியபடியே இருந்தது. கம்பியை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு ஏறினான்.

சங்கராந்தி முடிந்தும் பல நாள் ஸ்கூட்டர் எங்கள் வளாகத்திலேயே நின்றது. பின்னிருக்கையில் கரும்புச் சோகை ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது, அதை யாரும் எடுக்கவில்லை.